படுத்த டாங்கிக்கு ஓர் அளவுக்குச்சி

சித்தப்பா அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சட்டைப் பையில் டீசல் ரசீது, கையில் ஒரு மரக்குச்சி. மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவர் ஸ்டோர் கிராணி, அதாவது சரக்கறைக் கணக்கர். உரம், மருந்து, டீசல் எல்லாம் பல வருடமாக அவர் கணக்கில்தான். "பாப்பா, நீ கணக்கு டீச்சர்தானே, இதைக் கொஞ்சம் பாரு" என்று குச்சியை மேசைமேல் வைத்தார்.

லோரி 1,600 லிட்டர் ஊற்றியதாக ரசீது சொன்னது. ஊற்றுமுன் குச்சி 680 காட்டியிருக்கிறது, ஊற்றியபின் 1,990. ஏறியது 1,310 லிட்டர்தான். மீதி 290 லிட்டர் எங்கே என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டது ஒரு வரிதான், ஆனால் கேட்ட விதம் சித்தப்பாவின் முகத்தில் இருந்தது. அவர் அன்று தேநீரைக்கூடத் தொடவில்லை.

குச்சியைத் திருப்பிப் பார்த்தேன். நூறு லிட்டருக்கு ஒரு கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே 44.2 மில்லிமீட்டர், அடியிலிருந்து நுனிவரை ஒரே சீர். டாங்கி எப்படி நிற்கிறது என்று கேட்டேன். "நிக்கலை, படுத்திருக்கு" என்றார். பாதி விடை அதிலேயே வந்துவிட்டது. படுத்த உருளையில் அடிப்பாகம் குறுகல், நடுப்பாகம் அகலம். கீழே ஒரு சென்டிமீட்டர் ஏறக் கொஞ்சம் டீசல் போதும். நடுவில் அதே ஒரு சென்டிமீட்டருக்கு நிறைய வேண்டும். சீரான கோடு போட்ட குச்சி சதுரத் தொட்டிக்குத்தான் பொருந்தும்.

மறுநாள் தோட்டத்துக்குப் போய் அளந்தேன். டாங்கியைச் சுற்றி நாடா பிடித்தால் 3,801 மி.மீ. பையால் (π) வகுத்தால் வெளி விட்டம் 1,210. தகடு 5 மி.மீ. கனம், ஆகவே உள் விட்டம் 1,200, உள் நீளம் 2,400. இரு முனையும் தட்டை. கொள்ளளவு 2,714 லிட்டர். பழைய ஆட்கள் அதை 600 கேலன் டாங்கி என்றே சொல்கிறார்கள், கணக்கும் ஒத்துவருகிறது.

ஆழம் தெரிந்தால் கொள்ளளவு காண்பது சுலபம். டீசல் மட்டத்தின் இரு ஓரங்களும் வட்ட மையத்தில் ஒரு கோணம் அமைக்கின்றன. அந்தக் கோணத்தை ரேடியனில் எடுத்து, அதிலிருந்து அதன் சைனைக் கழித்து, ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் நனைந்த குறுக்குப் பரப்பு. அதை நீளத்தால் பெருக்கினால் கொள்ளளவு. படிவம் 5 பிள்ளைகளுக்கு வட்டத்துண்டு என்று நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். கால் ஆழத்தில், அதாவது 300 மி.மீ.யில், பழைய குச்சி 679 என்னும். சூத்திரம் 531 என்கிறது. 148 லிட்டர் வித்தியாசம். சித்தப்பாவின் இரண்டு அளவுகளையும் ஆழமாக மாற்றினால் 300, 880 மி.மீ. சூத்திரத்தில் போட்டேன்: ஏறியது 1,603 லிட்டர். ரசீதில் 1,600.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ அந்தக் குச்சியை மாத்தணும்" என்றார்.

மாற்றுவதில்தான் எனக்குப் பாடம் தொடங்கியது. குச்சியில் 50 லிட்டருக்கு ஒரு கோடு வேண்டும். ஆழத்திலிருந்து லிட்டர் அல்ல, லிட்டரிலிருந்து ஆழம். 50 லிட்டரை நீளத்தாலும் ஆர வர்க்கத்தின் பாதியாலும் வகுத்தால் சமன்பாடு இப்படி நிற்கிறது:

கோணம் − சைன்(கோணம்) = 0.1157

இதில் கோணத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க வழியே இல்லை. கூட்டல், பெருக்கல், மூலம், மடக்கை எதை எத்தனை முறை போட்டாலும் வராது. பத்து வருடமாகக் கூடுதல் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். சூத்திரம் கையில் இருந்தால் விடையும் கையில் இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். அன்று இரவுதான் எண்ணியல் பகுப்பாய்வு, அதாவது எண்களைப் போட்டுப் போட்டு விடையை நெருங்கும் கணிதம், எதற்காக இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

தேடிப் படித்தபோது இந்தச் சமன்பாட்டின் சொந்தக்காரர் தெரிந்தார். கோள் தன் பாதையில் எங்கே இருக்கிறது என்று காண வானியலாளர் கெப்ளர் எழுதிய சமன்பாட்டில், சைனுக்கு முன்னே ஓர் எண் நிற்கும்: பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டு விலகுகிறது என்று சொல்லும் எண். அந்த எண்ணை 1 ஆக்கினால் என் டீசல் சமன்பாடு அப்படியே வந்துவிடும். செவ்வாய்க் கோளுக்காக 1609இல் எழுதிய கணக்கும் தோட்டத்து டாங்கியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன என்று பார்த்தபோது தூக்கம் போய்விட்டது.

முதலில் பாதிபாதியாக வெட்டும் முறையைப் போட்டேன். கோணம் 0க்கும் இரண்டு பைக்கும் இடையே எங்கோ இருக்கிறது. நடுவில் பார், விடை அதிகமா குறைவா, தேவையில்லாத பாதியைத் தள்ளு. பதினைந்து தடவை வெட்டினால், அந்த 6.28 ரேடியன் 32,768இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். குச்சியில் அது அதிகம் போனால் 0.06 மி.மீ. கோடே ஒரு மில்லிமீட்டர் கனம், ஆகவே அதற்குமேல் வெட்டுவதில் பயனில்லை. இந்த முறை ஒரு நாளும் ஏமாற்றாது. இரு ஓரத்திலும் குறி மாறி, இடையில் கோடு அறுபடாமல் போனால் போதும், விடை உள்ளேதான் மாட்டியிருக்கும்.

ஆனாலும் நியூட்டன் முறையைத் தொட்டுப் பார்க்காமல் விட மனமில்லை. ஒரு ஊகத்தில் தொடங்கி, அந்த இடத்தில் வளைகோட்டுக்குத் தொடுகோடு போட்டு, அது பூஜ்யத்தைத் தொடும் இடத்துக்குத் தாவுவது. சிறிய கொள்ளளவுக்குச் சிறிய கோணம்தானே என்று 0.1 ரேடியனில் தொடங்கினேன். அடுத்த ஊகம் 23.2. அதற்கடுத்தது 5.0. அதற்கடுத்தது −3.5. டாங்கிக்குள் டீசல் மூன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றி, அப்புறம் எதிர்ப்பக்கம் போகிறது.

காரணத்தைத் தாளில் வரைந்து பார்த்தால்தான் தெளிகிறது. கோணம் பூஜ்யத்தை நெருங்கும்போது இந்த வளைகோடு தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது. அதன் வகைக்கெழு, அதாவது அந்த இடத்தில் கோட்டின் சரிவு, 1 − கோசைன்(கோணம்), 0.1 ரேடியனில் அது வெறும் 0.005. தொடுகோடு அநேகமாகக் கிடைமட்டம். கிடைமட்டமான கோடு பூஜ்யத்தைத் தொட எவ்வளவு தூரம் ஓட வேண்டும்! 0.1155ஐ 0.005ஆல் வகுத்தால் 23. அவ்வளவுதான் நடந்தது.

பை ரேடியனில், அதாவது டாங்கியின் பாதியில் தொடங்கினால் அதே முறை ஒழுங்காக இறங்குகிறது: 3.14, 1.63, 1.14, 0.942, 0.8995, 0.8975. பாதிக்குக் கீழே உள்ள எந்த விடைக்கும் அங்கிருந்து கிளம்பினால் ஒரே பக்கமாக இறங்கி வந்து சேரும், தாண்டிக் குதிக்காது. வளைகோடு அந்தப் பகுதி முழுவதும் மேல்நோக்கியே வளைந்திருப்பதால் இது உறுதி. நியூட்டன் முறையின் வேகம் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள். எங்கே நின்று கிளம்புகிறோம் என்பதற்கே பாதிக் கவனம் போகிறது என்பதை இந்தக் குச்சி சொல்லித்தந்தது.

அதைவிட நல்ல தொடக்கமும் இருக்கிறது, அது வேறொரு கோளாற்றைத் துரத்திப் போனபோது கிடைத்தது. டியூஷன் மேசையில் இருந்த பத்து இலக்கக் கால்குலேட்டரில் 0.001 ரேடியனுக்குச் சைன் எடுத்தேன்: 0.0009999998333. இதை 0.001இலிருந்து கழித்தால் 0.0000000001667. பத்து இலக்கம் போட்டேன், நான்கு இலக்கம்தான் மிஞ்சியது. ஒன்றுபோல் இருக்கும் இரண்டு எண்களைக் கழிக்கும்போது முன்னால் உள்ள நல்ல இலக்கங்கள் எல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கடைசியில் உள்ள சந்தேக இலக்கங்கள் மட்டும் முன்னால் வந்து நிற்கின்றன. கணினியிலும் இதே கதை. அது பதினைந்து பதினாறு இலக்கம் வைத்திருக்கிறது. 0.00000001 ரேடியனைக் கொடுத்தால் கோணமும் சைனும் அதற்கு ஒரே எண். கழித்தால் சுத்தமான பூஜ்யம் என்கிறது.

டீசல் டாங்கிக்கு இவ்வளவு சிறிய கோணம் ஒருபோதும் தேவைப்படாது. ஆனால் இதை அப்படியே விட எனக்கு மனமில்லை. சரிசெய்யும் வழி அழகானது: கழிக்கவே கூடாது. சிறிய கோணத்துக்குக் கோணம் − சைன்(கோணம்) என்பது, கோணத்தின் மும்மடியை ஆறால் வகுத்து, அதிலிருந்து ஐந்தாம் அடுக்கை 120ஆல் வகுத்துக் கழித்தது. அதற்கப்புறம் வருவதெல்லாம் துளி. இந்தத் தொடரில் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறோம், இலக்கம் தொலையாது. இதன் முதல் உறுப்பை மட்டும் எடுத்தால் தொடக்க ஊகமும் வந்துவிடுகிறது: வலப்பக்க எண்ணை ஆறால் பெருக்கி கனமூலம் எடு. 50 லிட்டருக்கு அது 0.8855. உண்மை விடை 0.8975. அங்கிருந்து நியூட்டன் முறையில் இரண்டே அடி, ஏழு இலக்கம் சரி.

ஆக, முதல் 50 லிட்டர் கோடு அடியிலிருந்து 59 மி.மீ. உயரத்தில். பழைய குச்சிக் கணக்கில் அது 22ஆக இருந்திருக்கும். நடுப்பகுதியிலோ 50 லிட்டர் கோடுகள் 17 மி.மீ.க்கு ஒன்றாக நெருங்கிவிடுகின்றன.

பைத்தான் என்ற கணினி மொழியில் அட்டவணை எழுதும்போது இன்னொன்று கண்டேன். சோதனைக்காக ஆழத்தை 0.1 மீட்டராகக் கூட்டிக்கொண்டே போ, 1 மீட்டர் வந்ததும் நில் என்று எழுதினேன். அது நிற்கவில்லை. 1ஐத் தாண்டி, டாங்கியின் உச்சியையும் தாண்டி, கோசைன் தலைகீழ் கணக்கில் பிழை காட்டிச் செத்தது. பத்து தடவை 0.1ஐக் கூட்டினால் கணினிக்கு 1 வருவதில்லை, 0.9999999999999999 வருகிறது. நமக்குப் பத்தில் ஒன்று சின்ன எண், இரண்டின் அடுக்கில் எண்ணும் கணினிக்கோ அது புள்ளிக்குப் பின் முடிவில்லாமல் ஓடும் எண், எங்கேயாவது வெட்டித்தான் வைக்கும்.

இதைச் சின்ன விஷயமென்று தள்ள முடியாது. 1991 பிப்ரவரி 25இல் சவூதியின் தஹ்ரானில் ஒரு பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு இதே 0.1இல்தான் தவறியது. அதன் கடிகாரம் விநாடியின் பத்தில் ஒரு பங்கில் எண்ணியது, அந்த 0.1ஐ 24 இரும இலக்கத்தில் வெட்டி வைத்திருந்தார்கள். நூறு மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் 0.34 விநாடி விலகியது. வந்த ஏவுகணையை அது பிடிக்கவில்லை, 28 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் நான் கூட்டிக்கொண்டே போவதை விட்டுவிட்டேன். முழு எண்ணில் எண்ணி, கடைசியில் பத்தால் வகுக்கிறேன்.

பித்தளைப் பட்டை ஒன்று வாங்கி, முக்கோண அரத்தால் கோடு ராவி, குச்சி தயார். அடுத்த லோரிக்கும் கணக்கு ஒத்துவந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து டாங்கியைக் கழுவ டீசலை வெளியே எடுத்தார்கள். அன்று காலை என் குச்சி 600 மி.மீ., சரிபாதி, 1,357 லிட்டர் என்றது. 200 லிட்டர் பீப்பாய்களில் பிடித்தார்கள். அடியில் கிடந்ததை வாளியால் அள்ளி ஊற்றினார்கள். ஆறரைப் பீப்பாய். 1,300 லிட்டர். சித்தப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. பீப்பாய்களை இன்னொரு தடவை எண்ணினார். எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது. அவரைக் காப்பாற்றப் போட்ட குச்சி, மறுபடி 57 லிட்டரை அவர் தலையில் வைக்கிறது.

டாங்கியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கழுவிய தண்ணீர் ஒரு முனையை நோக்கியே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அடியில் ஒரு வடிகால் குழாய். அப்போதுதான் உறைத்தது: டீசலில் சேரும் தண்ணீரை வடிக்க டாங்கியை வேண்டுமென்றே சாய்த்து வைத்திருக்கிறார்கள். தெளிவான ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைக்கும் மட்டம் பிடித்தோம். 2,400 மி.மீ. நீளத்தில் 48 மி.மீ. சரிவு. குச்சி விடும் துளையோ தாழ்ந்த முனையிலிருந்து 200 மி.மீ. தூரத்தில். அங்கே அளக்கும் ஆழம் டாங்கியின் நடு ஆழத்தைவிட 20 மி.மீ. அதிகம்.

லோரிக் கணக்கு ஏன் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றால், அங்கே இரண்டு அளவைக் கழிக்கிறோம். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே தவறு, கழித்தால் போய்விடுகிறது. ஒரு சோதனையில் தேறியது என்பதற்காக முழுவதும் சரி என்று நான் எடுத்துக்கொண்டது தப்பு.

சாய்ந்த டாங்கியில் குறுக்குப் பரப்பு நீளம் நெடுக மாறிக்கொண்டே போகிறது. ஆகவே அந்தப் பரப்பை நீளம் முழுவதும் கூட்டிச் சேர்க்கும் தொகையீடு வேண்டும். இங்கே கெப்ளர் மறுபடி வருகிறார், இந்த முறை பீப்பாயோடு. 1613இல் அவர் இரண்டாம் திருமணத்தை ஒட்டி ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் மது வாங்கியபோது, வியாபாரி பீப்பாயின் துளைவழியே ஒரு குச்சியைச் சாய்வாக விட்டு, நனைந்த நீளத்தை வைத்து விலை சொன்னார். பீப்பாயின் உருவத்தைப் பார்க்காமல் ஒரு நீளத்தை வைத்து எப்படிச் சொல்கிறாய் என்று கெப்ளருக்குச் சந்தேகம். அதிலிருந்து பிறந்த நூல் 1615இல் அச்சானது. இரு முனைப் பரப்பையும், நடுப் பரப்பின் நான்கு மடங்கையும் கூட்டி, நீளத்தால் பெருக்கி ஆறால் வகு என்ற விதி அந்த வழியில் வருவது. பள்ளியில் இதைச் சிம்சன் விதி என்று படிக்கிறோம். ஜெர்மானியர்கள் கெப்ளரின் பீப்பாய் விதி என்றே சொல்கிறார்கள். சுங்கை சிப்புட்டில் ஒரு கிராணியும் அந்த வியாபாரியின் குச்சியைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

விதியைப் போட்டேன். குச்சி 600 என்றால் தாழ்ந்த முனையில் ஆழம் 604, நடுவில் 580, உயர்ந்த முனையில் 556. மூன்று பரப்பும் சதுர மீட்டரில் 0.5703, 0.5415, 0.5127. கூட்டிப் பெருக்கினால் 1,299.6 லிட்டர். ஆறரைப் பீப்பாய். தாளில் அந்த எண்ணைப் பார்த்ததும் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன்.

இந்த விதிக்கும் ஒரு பலவீனம் உண்டு. டீசல் மிகக் குறைந்து உயர்ந்த முனை காய்ந்துவிட்டால், அங்கே ஆழம் எதிர்மறையாகப் போய்க் கணக்கு பிழை காட்டும். பூஜ்யம் என்று வைத்தாலும் நனைந்த பகுதிக்கும் காய்ந்த பகுதிக்கும் இடையே பரப்பு வழவழப்பாக மாறுவதில்லை. குச்சி 20 மி.மீ. காட்டும்போது மூன்று புள்ளி விதி 2.2 லிட்டர் தருகிறது, உண்மை 2.6. நனைந்த நீளத்தை மட்டும் எடுத்து, அதைப் பல துண்டாக்கிப் போட்டால் சரியாகிவிடுகிறது.

இப்போதுள்ள குச்சி, நான் போட்டதில் இரண்டாவது. கூடவே ஸ்டோர் கதவுக்குப் பின்னால் ஒட்ட ஒரு தாள், சென்டிமீட்டருக்கு ஒரு வரி. இடையில் வரும் அளவுக்கு நேர்விகிதத்தில் பார்த்துக்கொள்ளலாம். 100 மி.மீ. ஆழத்தில் அப்படிப் பார்ப்பதால் வரும் தவறு லிட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு வரி போட்டிருந்தால் அது இரண்டு லிட்டருக்கு மேல் போயிருக்கும். இடைவெளி ஐந்து மடங்கானால் தவறு இருபத்தைந்து மடங்கு.

தாளில் லிட்டருக்குப் பின்னே தசமம் போடவில்லை. சித்தப்பா கேட்டார், கணினி இவ்வளவு இலக்கம் தருகிறதே என்று. நடுப்பகுதியில் ஒரு மில்லிமீட்டர் என்பது 2.9 லிட்டர். குச்சியில் டீசல் கோட்டைக் கண்ணால் பார்க்கும்போது இரண்டு மில்லிமீட்டர் இப்படி அப்படி இருக்கும். விட்டத்தை நான் ஒரு மில்லிமீட்டர் தவறாக அளந்திருந்தால் முழு டாங்கிக்கு நாலரை லிட்டர். அளவில் இல்லாத துல்லியத்தைக் கணக்கில் காட்டினால், அடுத்து வருகிறவர் அதை நம்பி இன்னொருவரைச் சந்தேகப்படுவார்.

போன வாரம் 1,200 லிட்டர் வந்தது. சித்தப்பா முன்னும் பின்னும் அளந்தார். தாளைப் பார்த்து 1,194 என்று எழுதினார். பக்கத்தில் நின்ற அலுவலக ஆள் ஆறு லிட்டரை விரல் வைத்துக் காட்டினார். சித்தப்பா குச்சியை எடுத்து, டீசல் மினுங்கிய இடத்தில் கட்டை விரல் நகத்தை வைத்து, "ரெண்டு மில்லிமீட்டர்" என்றார். அலுவலக ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த டிவிஷனில் இன்னொரு டாங்கி இருக்கிறதாம், இரு முனையும் கிண்ணம்போல் வெளியே புடைத்தது. சனிக்கிழமை நாடாவை எடுத்துக்கொண்டு போகிறேன்.